செல்லத்தாய் பெயரில் போன கண்

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் பிறந்தது. நஷ்டஈடு கேட்டு நான் எழுதிக்கொடுத்த நாலு பக்க மனு, பதினெட்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "மனு கதைபோல் உள்ளது. சுருக்கமாகவும் ஆதாரத்துடனும் மீண்டும் எழுதுக."

இருபத்திரண்டு வருஷமாக விருதுநகரில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு மனு எழுதுகிறேன். தேதி இல்லை என்று திரும்பியிருக்கிறது. முத்திரை வில்லை போதவில்லை என்று திரும்பியிருக்கிறது. கதை என்று திரும்பியது இதுதான் முதல் தடவை. அலுவலகமே சொன்ன பிறகு நான் மறுக்கலாமா? மனுவை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் மூன்று பக்கம் கையில் இருக்கிறது. வீணாக்குவானேன் என்று கதையாக்குகிறேன்.

பொருள்: ஆவுடைத்தாய் என்ற பெண்ணுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வலது கண் போய்விட்டது. அதற்குரிய நஷ்டஈட்டை ஆவுடைத்தாய் என்ற பெயரிலேயே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் கம்பெனிக்கு ஆட்சேபம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கந்தக வாசம் கமழும் கரிசல் பூமியின் வைகறையில்..."

(அடித்துவிட்டேன். கந்தக வாசம் வெளியூரிலிருந்து எழுத வருகிறவர்களுக்குத்தான் அடிக்கும். உள்ளூர் மூக்குகள் அதை எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டன.)

இரண்டாவது முயற்சி: "கனம் ஐயா அவர்களுக்கு, மனுதாரராகிய நான்..."

(பழக்கதோஷம்.)

மூன்றாவது: "அன்று அந்த அறையில் ஆவுடைத்தாய் என்று ஒருவர் இல்லவே இல்லை."

இது நல்ல தொடக்கம். ஆனால் என்னுடையது இல்லை. கம்பெனி வக்கீல் தாக்கல் செய்த பதிலுரையின் முதல் வரி. படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஒரு பெண்ணை உருவாக்க எனக்கு மூன்று பக்கம் ஆகிறது. அவர் ஒரே வரியில் ஒருத்தியை இல்லாமல் ஆக்கிவிட்டார். அவருக்கு முத்திரைத்தாளில் எழுதும் வசதி வேறு.

போகட்டும். எனக்குத் தெரிந்த முறையில், நடந்த வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன்.

3

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு முதல் நாள். ஆவுடைத்தாய் வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கம்பெனிக்குள் போகிறவள் இல்லை. ஏஜெண்ட் கொண்டுவந்து போடும் காகிதத்தை வீட்டிலேயே சுற்றிக் கொடுப்பவள். அடுத்த வீட்டுச் செல்லத்தாய்தான் அச்சங்குளம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலை பார்ப்பவள். (கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கும் ஒரு வக்கீல் வேண்டியிருக்கும்.)

செல்லத்தாய் மகளுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. இறங்கினால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் தன் தலைமுடியை இறக்குவதாக அவள் நேர்ந்திருந்தாள். ஆனால் தீபாவளி சீசன். சீசனில் ஒரு நாள் வராவிட்டால் போனஸில் கைவைப்பார்கள். இதற்கு ஊரில் ஒரு வழி உண்டு. ஆள் விட்டுப் போவது. போகிறவள் தன் பெயரில் இன்னொருத்தியை அனுப்புவாள். வருகைப் பதிவேட்டில் பெயர் நிற்கும். கம்பெனிக்கு வேலை நடக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

"ஏ ஆவுடை, நாளைக்கு ஒரு நா எனக்குப் பதிலாப் போயிட்டு வந்துருதியா?"

"குழாய் சுத்துதவளுக்கு மருந்து ரூம்ல என்ன தெரியும் மதினி?"

"ஆமா, அங்கன கலெக்டர் வேலை பாக்காக. குழாய்க்குள்ள மருந்தப் போட்டு அமுக்கணும், அம்புட்டுதான். போர்மேன் அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன். பேரு கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு."

"யாரு பேரு?"

"எம் பேருதான். ஒம் பேரு அங்கன இருக்கா என்ன?"

மறுநாள் காலை கம்பெனி வேனில் ஆவுடைத்தாய் போனாள். போர்மேன் முனியசாமி பதிவேட்டைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டார். செல்லத்தாய் என்றார். ஆவுடைத்தாய் "இருக்கேன்" என்றாள். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். தலையைக் குனிந்து டிக் போட்டார்.*

* அறை வாசலில் "நான்கு பேர் மட்டும்" என்று பலகை. உள்ளே ஏழு பேர். பதிவேட்டின்படி மிச்ச மூன்று பேர் பக்கத்து அறையில் வேலை செய்தார்கள். அந்த அறையில் அட்டைப்பெட்டி அடுக்கிப் பூட்டியிருந்தது. ஆட்களை இஷ்டத்துக்கு நகர்த்தும் உரிமை கதை எழுதுகிறவனுக்கு மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

4

பூச்சட்டிக் குழாயில் மருந்தை அமுக்குவதற்குப் பித்தளைக் கம்பி வேண்டும். இரும்பு ஆகாது, உரசினால் பொறி வரும். சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தது. பித்தளைக் கம்பி புதன்கிழமையே முறிந்துபோனது. வெள்ளிக்கிழமை முனியசாமி கொண்டுவந்து கொடுத்தது, கட்டடத்துக்குப் போடும் கம்பியில் ஒரு முழத்துண்டு.

"அண்ணாச்சி, இது இரும்புல்லா?" என்றாள் ஆவுடைத்தாய். வீட்டில் குழாய் சுற்றுகிறவளுக்கே தெரிந்திருந்தது.

"ரெண்டு நாளைக்கு ஓட்டுங்க தாயி. பித்தளைக்கு ஆர்டர் குடுத்தாச்சு. லோடு ஏத்தணும், லாரி நிக்குது."

"ரெண்டு நாளைக்குள்ள நாங்க மேல போயிட்டா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அங்கனயும் பேரு கூப்பிடுவாக. மாத்திச் சொல்லாம ஒழுங்காச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடைத்தாயும் சிரித்தாள். பதினொன்றே கால் இருக்கும். அவள் கம்பியைக் குழாய்க்குள் இறக்கி, கட்டைவிரலால் அழுத்தி, ஒரு திருகு

(இந்த வாக்கியத்தை ஏழு தடவை முடித்துப் பார்த்தேன். ஆறு தடவை அழகாக வந்துவிட்டது. ஏழாவது தடவை அதைவிட அழகாக வந்தது. அதனால் முடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

மற்ற ஆறு பேருக்கும் முடியும் சேலையும் கருகியதோடு போயிற்று. ஆவுடைத்தாய்க்கு வலது கண் போனது. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. குழாய் சுற்ற அந்த இரண்டு விரல்தான் வேண்டும்.

5

சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டாள். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்ற முனியசாமி, கொஞ்சமும் யோசிக்காமல், "செல்லத்தாய்" என்றார். பதிவேடும் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? பொறுப்பான மனிதர்.

ஆவுடைத்தாய் பின்னால் என்னிடம் சொன்னது இது:

"கண்ணுதான் தெரியல, காது கேட்டுச்சு அய்யா. அது நான் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். பொறவு, மதினிக்குப் போனஸ் போயிருமேன்னு பேசாம கெடந்துட்டேன்."

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். கண் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டுக்காரியின் போனஸை நினைக்கிறவள் உண்டா? பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெய்லானி, பிரதி எடுக்கும் சாக்கில் என் எழுத்து எல்லாவற்றையும் படித்துவிடுவார். அவரும் இங்கேதான் நிறுத்தினார்.

"அண்ணே, இத மட்டும் எடுத்துருங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாக."

"நடந்தது ஜெய்லானி."

"நடந்தா? நடந்ததுக்காகவா நம்புவாக? அம்மா சாகக் கெடக்கு, மருந்து வாங்கணும்னு ஏதாவது சேத்துவிடுங்க. அத நம்புவாக."

எடுக்கவில்லை. சேர்க்கவும் இல்லை.

செல்லத்தாய் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தாள். மறுநாள் சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனி திறந்திருந்தது, சீசனில் ஒரு கண்ணுக்காக எதற்கு மூடுவது? ஆக, காகிதங்களின்படி, வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு வலது கண்ணை இழந்த செல்லத்தாய், சனிக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து, இரண்டு கண்ணாலும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினாள். இருக்கன்குடி மாரியம்மன் கண்நோய் தீர்ப்பவள்தான். இருந்தாலும் இது ரொம்ப வேகம்.

6

மூன்று வாரம் கழித்து முனியசாமி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆவுடைத்தாய் வீட்டுக்கு வந்தார்.

"இப்ப எப்பிடி இருக்கீக தாயி?"

"பாதியாத் தெரியுதீக."

அவர் நாற்காலியை அவளுடைய இடது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "ஒரு நல்ல வழி இருக்கு. காயதம் பூராம் செல்லத்தாய் பேர்ல சுத்தமா இருக்கு. நீங்க செல்லத்தாயாவே மெடிக்கல் போர்டுக்குப் போயிட்டு வந்துருங்க. இன்சூரன்ஸ்காரன் கேள்வியே கேக்காம குடுத்துருவான்."

"கம்பி குடுத்தத யாரும் கேக்க மாட்டாகளா?"

"அது எதுக்கு இப்ப?"

"அப்ப மதினி?"

"அவுகள நிப்பாட்டித்தான் ஆகணும். ஒத்தக் கண்ணுக்காரிய மருந்து ரூம்ல வச்சிருக்கப்படாதுல்லா. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

(அந்தக் கம்பெனிக்குள் சட்டம் நுழைந்தது அன்றைக்குத்தான். ஆப்பிளோடு வந்திருக்கிறது.)

ஆவுடைத்தாய் சொன்னாள்: "இந்தக் கண்ணையும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அதுக்கும் மதினி பேர்லயே போகவா? நாளைக்குச் செத்தா யாரு பேர்ல எரிப்பீக? போனது எங் கண்ணு அண்ணாச்சி. எம் பேர்ல எழுதுங்க."

"ஒங்க பேர்ல என்ன ஆதாரம் இருக்கு?"

அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது பக்கத்தைக் காட்டினாள். முனியசாமி ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். பொய்க்குப் பதிவேடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளக் கையெழுத்து எல்லாம் வரிசையாக இருக்கின்றன. உண்மைக்கு ஒரு ரசீதுகூட இல்லை.

7

ஆதாரம் ஒன்றே ஒன்று இருந்தது: செல்லத்தாயின் தலை. அவள் நஷ்டஈட்டு ஆணையர் முன்னால் வந்து, "அன்னைக்கு நான் வேலைக்கு வரல, இருக்கன்குடியில மொட்டை போட்டேன்" என்று சொன்னால் போதும். சொல்வதாகத்தான் அவளும் சொன்னாள். ஆனால் முதல் வாய்தா வந்ததே மார்கழியில்தான். அன்றைக்குக் கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல். செல்லத்தாய் தலையில் கிராப்பு. பங்குனி வாய்தாவில் வக்கீலுக்கு வேறு கேஸ். முடி காதை மூடியது. வைகாசியில் வக்கீல் வந்தார், கேஸ் கட்டு வரவில்லை. முடி ரப்பர் பேண்டுக்குள் அடங்கியது. சாட்சியம் கண்முன்னாலேயே வளர்ந்துகொண்டு போனது.

வராந்தாவில் வக்கீல் அவளைப் பார்த்துச் சிரித்தார். "மொட்டை போட்டீங்களாமே, எங்கம்மா?"

கோயிலில் கொடுத்த முடிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். அதில் எண் இருந்தது. பெயர் இல்லை.

அந்த வாரமே முனியசாமி அவளிடம் சொல்லிவிட்டார்: சாட்சி சொல்லலாம், தாராளமாக, மறுநாள் வேனில் ஏற வேண்டாம். அதோடு, ஆள் மாற்றி அனுப்பியதற்கு அவள் மேலேயே கேஸ் வரலாம். (டிக் போட்டவர் மேல் வராது. அவர் பதிவேட்டைப் பார்த்துத்தான் டிக் போட்டார்.)

தெருக்குழாயில் இரண்டு பேரும் குடம் வைத்திருந்தார்கள்.

"மதினி, பதினாலாந் தேதி வாய்தா. வருவீகளா?"

"வந்தா வேலை போயிரும். வராட்டி ஒம் மூஞ்சியில முழிக்க முடியாது. நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

"நான் சொல்லி நீங்க வந்தா, நாளைக்கு ஒலை கொதிக்காதப்ப என்னைத்தான் வைவீக."

"வையாம? நல்லா வைவேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. குடம் நிறைந்து வழிந்தது. செல்லத்தாய் தூக்கிக்கொண்டு போனாள்.

8

கதைக்கு முடிவு வேண்டுமாம். ஜெய்லானி தினமும் கேட்கிறார். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு அ: செல்லத்தாய் வருகிறாள், உள்ளதைச் சொல்கிறாள், ஆவுடைத்தாய் ஜெயிக்கிறாள். கம்பெனி மேல்முறையீடு செய்கிறது. அது முடிவதற்குள் நானும் வக்கீலும் இந்தக் காகிதமும் மட்கிப்போகிறோம்.

முடிவு ஆ: ஆவுடைத்தாய் ஆப்பிளைச் சாப்பிடுகிறாள். ஒரே தெருவில் இரண்டு செல்லத்தாய்கள்; ஒருத்திக்குப் பணம் இருக்கிறது, கண் இல்லை; இன்னொருத்திக்குக் கண் இருக்கிறது, வேலை இல்லை.

முடிவு இ: ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆணையரின் நெஞ்சம் உருகி, மேஜையைத் தட்டி எழுந்து,

(மன்னிக்கவும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

மூன்றையும் ஆவுடைத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். ஜெராக்ஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"மூணும் நீங்களாவே எழுதினதா அய்யா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு. நாலாவது எழுதிராதீக. சாட்சிப் பட்டியல் குடுக்க நாளைக்குக் கடைசி நாளாம். அத எழுதிக் குடுங்க."

9

எழுதிக்கொண்டிருக்கிறேன். அறையில் இருந்த மற்ற ஆறு பேரும் "ஆவுடைத்தாய் என்று யாரும் அன்று எங்களோடு இல்லை" என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கும் வேன் காலை ஏழு மணிக்கு வருகிறது.

ஆகவே இதுவரை படித்துவந்தவரைக் கேட்கிறேன். நாலாம் பகுதியில் நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள். இது இரும்புல்லா என்று அவள் கேட்டது உங்கள் காதில் விழுந்தது. ரெண்டு நாளைக்கு ஓட்டச் சொன்னதையும் கேட்டீர்கள். படித்ததை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று வக்கீல் சொல்வார். சரியாகத்தான் சொல்வார். இருந்தாலும் பதினாலாம் தேதி காலை பத்தரைக்கு அந்த வராந்தாப் பெஞ்சில் ஆவுடைத்தாய்க்குப் பக்கத்தில், அவளுக்குத் தெரிகிற இடது பக்கமாக, ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது.

பெயர், தகப்பனார் பெயர், முகவரி எழுத வேண்டும். உங்கள் சொந்தப் பெயரையே எழுதுங்கள். வேறு பெயர் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மனுதாரர் தரப்புச் சாட்சிகள்:

1. செல்லத்தாய் (வந்தால்)

2. ................................................