எதிர் நாற்காலியின் கண்கள்

இங்வார் ஏக்லுண்டின் எண்பதாம் பிறந்தநாள் மதிய விருந்தில் இருந்தவர்கள்: இங்வார், மகள் யெர்ட்ருட், மருமகன் ருனே. மகன் சிக்ஸ்டெனையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் உடல் ஆஸ்திரேலியாவில். உருவம் ஹேர்னோசாண்ட் ஊரிலுள்ள அப்பாவின் வீட்டில், அவருக்கு எதிர் நாற்காலியில். அதைக் காண மூவரும் காட்சிக் கண்ணாடி அணிந்திருந்தார்கள்.

தாயின் அடக்கத்துக்கு வராத மகன் அவன். அன்றிலிருந்து இங்வார் அவன் பெயரை உச்சரித்ததில்லை. "அவனோட ஒரு வாய் குடிங்கப்பா, அது போதும்" என்று மகள் மன்றாடியதால்தான் சம்மதித்தார். வாயால் மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் ஏக்லுண்ட் குடும்பத்தில் வழக்கமில்லை. கோப்பையை உயர்த்திக் கண்ணோடு கண் பார்ப்பார்கள், குடிப்பார்கள், மறுபடி பார்த்த பின்பே கீழே வைப்பார்கள். அந்தப் பார்வையில் எல்லாம் தீர்ந்துவிடும்.

"என்ன மச்சான், மீன் வாசம் அங்க வருதா?" என்றான் ருனே.

"உங்க வாசமே இங்க வரைக்கும் வருது மாமா."

இங்வாரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. எழுந்து, முதுகை நிமிர்த்தி, கோப்பையை உயர்த்தினார்.

"சிக்ஸ்டென்."

"அப்பா..."

மகனின் கண்கள் சிரித்தன. ஆனால் அவரைப் பார்த்து அல்ல; அவர் தோளைத் தாண்டி, ஜன்னலைப் பார்த்து. இங்வார் காத்திருந்தார். பிறகு குடிக்காமலே கோப்பையை வைத்தார்.

"உங்க அம்மாவையும் இப்படித்தான் பார்க்காமப் போனான்" என்றபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ அப்பா, அது அவன் பார்வையே இல்ல! கண்ணை மறைக்கிற கருவி ஒண்ணு மாட்டியிருக்கான், நாம பார்க்கிற கண்ணையும் பார்வையையும் அதுதான் வரைஞ்சு காட்டுது. கண்ணு நனைஞ்சா அதுக்குப் பிடிபடாது, தானாவே ஒரு சிரிப்பைப் போட்டுக் காட்டும். குரல் கேட்கலையா உங்களுக்கு? அழுதுக்கிட்டிருந்தான்."

இங்வார் அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா கோப்பையை வைத்ததை மகன் பார்த்துவிட்டான்.

மறுநாள் இங்வார் தாமே அவனை அழைத்தார், வாழ்நாளில் முதன்முறையாக. அவன் எடுக்கவில்லை. அதன் பிறகும் எடுக்கவில்லை. பனி உருகுமுன் அவர் இறந்தார். அந்த அடக்கத்துக்கு சிக்ஸ்டென் நேரில் வந்தான்.

பிறந்தநாள் அன்றே கிழவர் மகனை விருந்திலிருந்து விரட்டினார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அவர் விரட்டவில்லை. மகன் பார்ப்பான் என்று காத்திருந்தார்.