ஓரத்து நீலம்

இப்போதெல்லாம் எவனும் அளவெடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு வருவதில்லை. கையை விரித்து "இம்புட்டு" என்கிறான். வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, பத்தவில்லையென்று கடைக்காரர் மூக்கையாவிடமே சண்டைக்கு வருகிறான்.

காலேஜில் ஆராய்ச்சி படிக்கிற பிரிஸ்கில்லா மட்டும் நேற்று அளவு எழுதிக் கொண்டுவந்தாள். கூடவே ஏதோ மெல்லிய பூச்சு பூசிய கண்ணாடியும். விரலகலத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தார். இன்று காலையிலேயே மூச்சிரைக்க வந்து நிற்கிறாள்.

"தாத்தா, நீங்க வெட்டுனதுல புதுசா ஒண்ணு கெடைச்சிருக்கு!"

"ஒடைஞ்சுபோச்சுன்னு சொல்ல வந்தியா?"

"அட, வாங்க."

கண்ணாடிகள் சாத்தியிருந்த இருட்டறைக்குள் போய், கள்ளநோட்டு பார்க்கிற மாதிரி ஊதா விளக்கொன்றை ஏற்றினாள். துண்டின் நடுவெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. ஓரத்தில் நீலமாக ஒரு கோடு.

"ஒயரு எங்கத்தா?"

"ஒயரே கெடையாது. ஈய உப்பு ஒரு அடுக்கு, கரிமப் பொருள் ஒரு அடுக்கு. ஊதா வெளிச்சத்தை வாங்கிட்டுப் பச்சையாத் திருப்பிக் குடுக்குது."

"வாங்குனதைத் திருப்பிக் குடுக்குதா? திண்டுக்கல்லுல அப்படியும் ஒண்ணா!"

"பச்சை எல்லாருக்கும் வரும், தாத்தா. இந்த நீலம் யாருக்கும் வந்ததில்ல. மத்தியானம் சார்கிட்டச் சொல்லப்போறேன். நாலு வருசமா இதுக்குத்தான் கெடந்து சாகுறேன்."

மூக்கையா குனிந்து பார்த்தார். ஒரு மூலையில் நீலம் சொட்டுப்போல வழிந்திருந்தது. வெளிச்சம் எங்கேயாவது வழியுமா? பேசாமல் வெளியே போய், வெட்டும் சக்கரத்தை வழக்கம்போல டப்பாவில் முக்கி, கழித்துப்போட்ட சன்னல் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்தார். விளக்கில் காட்டினார். பச்சை இல்லை. ஓரத்தில் அதே நீலம்.

"சீமெண்ணெ, தாயி. அது தொடாம வெட்டுனா ஓரம் பிசிறடிக்கும்."

பிரிஸ்கில்லா துப்பட்டா நுனியால் ஓரத்தைத் துடைத்தாள். நீலம் போய்விட்டது.

"நல்லவேளை, சார்கிட்டச் சொல்லல. ஆனா பச்சை நெசம், தாத்தா."

"அதையும் பார்த்துருவோம்."

அவள் தடுப்பதற்குள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நடுவில் ஒரு தேய்ப்பு தேய்த்தார். தேய்த்த இடம் இருண்டது.

"ஐயையோ! அதுல ஈரமே படக்கூடாது! போய்க் கையைக் கழுவுங்க, ஈயம் வெசம்!"

"எச்சிக்குத் தாங்காதது ஒரு வெளிச்சமாத்தா?"

கட்டைவிரலை விளக்கடியில் நீட்டிப் பார்த்தார். விரலிலும் பச்சை ஒட்டியிருக்கவில்லை. வந்தது எங்கே போனது? வேட்டியில் துடைக்கப்போனவர் நிறுத்திக்கொண்டு, தலையை ஆட்டியபடியே குழாயடிக்கு நடந்தார்.