சேடிலில் கீறிய அம்பு

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் கம்பி வாத்தியங்களைப் பழுது பார்க்கும் கடை அவளுடையது. தெருவில் அவளைக் கம்பிக்காரம்மா என்பார்கள். எங்கேயோ கம்பி எண்ணிவிட்டு வந்தவள் என்று யாராவது நினைத்துக்கொள்ளப் போகிறார்களே என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்டாள். பிறகு அந்தப் பேரையே பலகையில் எழுதி மாட்டிவிட்டாள்.

அன்று காலை பத்து மணிக்குப் படியேறி வந்தவர் ஓட்டலில் பாடுகிறவர். ஐம்பது வயது, பெரிய உடம்பு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, உறையைப் பிரித்துக் கிட்டாரை மேசைமேல் கிடத்தினார்.

"ஏம்மா, கம்பியெல்லாம் வானத்துல நிக்குது. அமுக்கி அமுக்கி விரல் செத்துப் போச்சு. ஆறு மணிக்கு எனக்குப் புரோகிராம். அதுக்குள்ள இறக்கிக் குடுத்துடு."

"எப்பலேர்ந்து இப்படி அண்ணே?"

"மழைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து. ஓட்டல் ஸ்டோர் ரூம்ல கெடந்துச்சு."

அவள் கிட்டாரைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முன்பலகை லேசாகப் புடைத்திருந்தது. "ஈரம் குடிச்சு வயிறு உப்பியிருக்கு" என்றாள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தித் தடித்த கம்பியின் உயரத்தை அளந்தாள். மூன்றரை மில்லிமீட்டர். இரண்டரை இருந்தால் போதும்.

பாடகர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "முப்பது வருஷமா வாசிக்கிறேன், எதுக்கு என்ன பேருன்னு தெரியாது. மேல திருகுற காது, கீழ ஒரு வெள்ளை எலும்பு. அவ்வளவுதான் என் படிப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கேலின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "காது இல்லண்ணே, டியூனர். அதுக்குக் கீழ கம்பியைத் தாங்குற இந்தச் சின்னப் பட்டை, நட். இங்க ஒட்டியிருக்கிற மரக்கட்டை, பிரிட்ஜ். அதுல சொருகியிருக்கிற உங்க வெள்ளை எலும்புக்குச் சேடில்னு பேரு. அதுக்கு அடியில நூல் மாதிரி ஒரு பிக்கப் ஓடுது. கம்பியோட அதிர்வை வாங்கி, பக்கத்துல இருக்கிற இந்தப் பெட்டிக்கு அனுப்பும். சத்தத்தைக் கூட்டுற இது பிரீஆம்ப்."

"இத்தனை பேரா! என் பொண்டாட்டி வீட்டுச் சனங்க பேரே எனக்கு இவ்வளவு தெரியாதே."

முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அப்படியென்றால் சேடிலைத்தான் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடிலின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி, அவற்றைப் பிரிட்ஜில் பிடித்திருந்த பின்களைப் பிடுங்கி, குறடால் சேடிலை அலுங்காமல் மேலே இழுத்தாள். உள்ளங்கையில் போட்டுப் புரட்டினாள்.

பிரிட்ஜின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த பக்கத்தில், ஊசியால் கீறிய ஓர் அம்புக்குறி. அம்பின் வாலில் மூன்று சின்னக் கோடுகள்.

சேடில் அவள் கைநழுவி மேசையில் விழுந்தது.

அந்தக் குறியைப் போடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவள் தம்பி. கடை திறந்த புதிதில் அவள் ஒரு சேடிலை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டாள். அதிலிருந்து அவன் செய்கிற ஒவ்வொரு சேடிலிலும், தடித்த கம்பி எந்தப் பக்கம் என்று காட்ட ஓர் அம்பு கீறிவிடுவான். "வாலும் வச்சிருக்கேன். இதுக்கு மேலயும் மாத்திப் போட்டன்னா நான் பொறுப்பில்ல" என்பான்.

அவன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. எதிர்த் தீவிலிருந்த ஒரு விடுதிக்கு இரண்டு கிட்டார்களைக் கொடுக்க அவனும் அவள் கணவனும் படகில் போனார்கள். பாதி வழியில் படகு கவிழ்ந்தது. கணவனின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது. தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை. படகில் ஏறியவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

"என்னம்மா, ஒடஞ்சு போச்சா?" பாடகர் எழுந்துவிட்டார்.

"அண்ணே, இந்தக் கிட்டார் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ரெண்டு. புத்தம் புதுசா வாங்கினேன்."

"இந்தச் சேடில்?"

"அதுவா? பழசு பிளாஸ்டிக்கு, போன வருஷம் ஒடஞ்சது. துறைமுகத்துல ஒரு மாசம் பாடிக்கிட்டிருந்தேன், அங்க ஒருத்தன் எலும்புல செஞ்சு போட்டான். பிரமாதமான கை."

"எப்படி இருப்பான்?"

"ஒல்லியா, நெட்டையா. இடது கையால ரம்பம் புடிப்பான். பத்துக் கேள்வி கேட்டா ஒண்ணுக்குப் பதில் சொல்லுவான். ஏம்மா, ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாடகர் பதறிப்போய்ப் பாட்டில் தண்ணீரை நீட்டினார். குடிக்கத் தெரியாதவள்போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேடில் பழைய சரக்காக இருக்குமோ, அவனிடம் தொழில் பழகிய யாரோ செய்ததோ என்று மனம் எங்கெங்கோ முட்டிப் பார்த்தது. தம்பியும் இடது கைக்காரன்தான் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது.

பாடகரின் போனில் அந்த எண் 'கிட்டார் ஒல்லி' என்ற பெயரில் இருந்தது. தன் போனில் அதை அழுத்த அவளுக்கு மூன்று தடவை தப்பிப் போயிற்று. நான்காவது தடவை மணி அடித்தது.

"ஹலோ, சொல்லுங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ, யாரு?"

"அம்புக்கு இன்னும் வால் வச்சுக்கிட்டுத்தான் இருக்கியாடா?"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம்.

"அக்கா" என்றான்.

பாடகர் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனார்.

"உயிரோடவா இருக்க?" அதைத் தவிர அவளுக்கு வேறு கேள்வி வரவில்லை. மூன்று தடவை அதையே கேட்டாள்.

"நான் அதுல போகலக்கா. ஏறி உக்காந்தேன். அடியில தண்ணி கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு. மச்சான்கிட்ட இறங்கிடலாம்னேன். அவர் சிரிச்சார். பயந்தாங்கொள்ளின்னார். நான் கம்பி பாக்கெட்டை மறந்துட்டேன்னு பொய் சொல்லிட்டு இறங்கிட்டேன். அவர் கையைப் புடிச்சு இழுத்திருக்கலாம். இழுக்கல." அவன் மூச்சு போனில் இரைந்தது. "கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கண்ணு முன்னாடியே முழுகிச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட வருவேன்?"

தண்ணீர் கசிந்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. படகு எப்படிக் கவிழ்ந்தது என்று இத்தனை வருடமாக யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. காற்று என்றார்கள், விதி என்றார்கள்.

"அம்மா போயிட்டா" என்றாள். "நாலு வருஷம் ஆச்சு. சாகுற வரைக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடல. நீ வந்துடுவியாம்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அம்மாவை எடுத்த அன்னிக்கு, பேப்பர்ல பார்த்துட்டு வந்தேன். தெரு முனையில வேன் மறைவுல நின்னேன். நீ நீலச் சேலை கட்டியிருந்த."

காதோரம் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சேலை இன்னும் அவள் பீரோவில் இருக்கிறது. முப்பது அடி தூரத்தில் நின்றிருக்கிறான். அவள் தனி ஆளாகத் தாயை அனுப்பி வைத்ததை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

"வரட்டுமாக்கா?" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்துப் பாடகர் தலையை மட்டும் நீட்டினார். "வேலை கெடக்கட்டும்மா. நான் யாருகிட்டயாவது இரவல் வாங்கிக்கிறேன்."

"உக்காருங்கண்ணே. சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

சேடிலின் அடியில் பென்சிலால் கோடு கிழித்தாள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளில் நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தாள். எலும்புத் தூள் மணம் கிளம்பியது. மாட்டி, கம்பி ஏற்றி, ஒயரைச் செருகி ஒலிபெருக்கியில் தட்டிப் பார்த்தாள். ஐந்து கம்பிகள் கணீரென்று பேசின. இரண்டாவது கம்பி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து முனகியது. அடிப்பக்கம் சமமாக இல்லாமல் பிக்கப்பில் சரியாக உட்காரவில்லை. இந்தத் தப்பு அவளுக்கு நேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. மறுபடி கழற்றினாள், மறுபடி தேய்த்தாள். அம்புக்குறி அவள் கட்டைவிரலில் உரசிக்கொண்டே இருந்தது. அதைத் தேய்த்து அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கை கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு ஆறு கம்பிகளும் ஒரே சீராக ஒலித்தன. பாடகர் நான்கு வரி வாசித்துப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. படியில் இறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நான்கரை மணிக்குப் படியில் காலடிச் சத்தம். வாசல் நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து ஒருத்தன் நின்றான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. கையில் பை எதுவும் இல்லை. அவள் இன்னும் இதே கடையில்தான் இருப்பாள் என்று தெரிந்து, வேலை செய்த உடுப்போடு பஸ் ஏறியிருக்கிறான். சட்டையெல்லாம் மரத்தூள்.

அவள் எழுந்து போய் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் அசையவில்லை. இன்னொன்றுக்குக் கை ஓங்கினாள். பாதியில் விரல்கள் அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டன. விட முடியவில்லை. அழுகையும் வரவில்லை.

"அக்கா, நான் வந்து..."

"பேசாத." சட்டையைப் பிடித்தபடியே அவனை இழுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். எதிரில் தானும் உட்கார்ந்தாள். "மன்னிப்பெல்லாம் கேக்காத. எனக்கு இப்ப அது வேண்டாம். படகுல ஏறினதுலேர்ந்து சொல்லு. அவர் எந்தப் பக்கம் உக்காந்தார், என்ன சட்டை போட்டிருந்தார், பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டு அப்புறம் என்ன சொன்னார். ஒண்ணு விடாம சொல்லு."

அவன் கண்களை மூடிக்கொண்டு, "இடது பக்கம்" என்று ஆரம்பித்தான்.