நீல வண்டியின் பின்சீட்டு

ஆசை வந்துவிட்டால் மனிதனுக்குக் குண்டும் தெரியாது, குழியும் தெரியாது. பல்லடத்தில் ஆரோக்கியராஜின் மெக்கானிக் ஷெட்டில் அந்த நீல நிற ஸ்போர்ட்ஸ் செடானைப் பார்த்த நிமிஷத்திலிருந்து சிவராஜ் அந்தக் கதிக்கு ஆளாகிவிட்டான். பானட்டைத் தடவினான். கதவைத் திறந்து மூடினான். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை திறந்து மூடினான்.

"ஏனுங்க, கதவு மூடுதுன்னு தெரிஞ்சு போச்சு. உடுங்க" என்றாள் அவன் மனைவி அன்புசெல்வி.

வேலம்பாளையத்தில் சிவராஜ் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தான். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. துணிக் கட்டுகளை ஏற்றி இறக்க ஒரு பழைய ஆம்னி வேன், ஓட்டுவதும் அவனேதான். போன மாதம், வெளிநாட்டு ஆர்டர்களைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு பையிங் ஆபீசிலிருந்து, நேரடி ஆர்டர் பேசலாம் வாருங்கள் என்று முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். வாட்ச்மேன் வேனைப் பார்த்தான், இவன் முகத்தைப் பார்க்கவில்லை. "டிரைவரெல்லாம் பின்கேட்டுக்குப் போப்பா" என்று கையை ஆட்டினான். சிவராஜும் வாயைத் திறக்காமல் பின்கேட்டுக்குப் போனான். அங்கே நின்று, அலைந்து, உள்ளே போய்ச் சேர்வதற்குள் ஆர்டர் வேறொருவன் கைக்குப் போய்விட்டது.

நான் டிரைவர் இல்லை, முதலாளி என்று சொல்ல நாக்கு எழவில்லையே, அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை. ஆனால் குற்றம் தன் நாக்கில் என்று எவன் ஒப்புக்கொள்வான்? எல்லாப் பழியையும் வேன்மேல் போட்டான். நல்ல கார் ஒன்று இருந்தால் கேட் தானாகத் திறக்கும் என்று முடிவு கட்டினான். புது மெஷின் வாங்க அன்புசெல்வி சேர்த்து வைத்திருந்த பணத்தின்மேல் அவன் கண் விழுந்தது. அவள் சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில், "நம்ம கட்டுகளோட நம்ம சந்துக்குள்ள அந்த வண்டி வந்து நிக்கட்டும், அப்பறம் பேசலாம்" என்று ஒரே நிபந்தனையோடு கிளம்பி வந்திருந்தாள். வரும் வழியில் வேலைக்கு எடுத்த நாலு கட்டுகளும் வேனிலேயே இருந்தன.

ஆரோக்கியராஜ் உள்ளதைச் சொன்னான். வண்டிக்காரர் ஒன்பதரை லட்சம் கேட்கிறார். புதிதாக எடுத்தால் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இன்ஜின் தங்கம். ஆனால் டயர் மெல்லிசு, ஒரு குழியில் விழுந்தால் போச்சு. ஊருக்குள் ஓட்டினால் பெட்ரோல் தண்ணியாகப் போகும். ஒரு சின்ன சாமானுக்கும் கோயமுத்தூர் ஓட வேண்டும்.

"ஆனைய வாங்கறவன் அங்குசத்துக்கு அழுவானாங்க?" என்று சிரித்தான் சிவராஜ்.

"அங்குசத்துக்கு ஆரு அழுதா? ஆனைக்குத் தீனி போடறது ஆருன்னுதான் கேக்கறேன்" என்றாள் அன்புசெல்வி.

பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் முஸ்தபா பாய் அதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். நல்லூரில் பனியன் கம்பெனி வைத்து எக்ஸ்போர்ட் செய்கிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அளந்து பேசுகிற வாய். "அம்மணி கேக்கறது நாயம்தானுங்க. கிளட்சுக்கும் பாதி ஆயுசு போயிருச்சு. மறைச்சு வித்துட்டு உங்க வயித்தெரிச்சல வாங்கிக்க எனக்குத் தெம்பில்லீங்க" என்றார். பிறகு குரலை இறக்கினார். "வண்டிய மட்டும் பத்து நாள் கழிச்சுத்தான் தருவேன். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது தம்பி."

நாள் பார்க்கிறார் போல என்று சிவராஜ் நினைத்துக்கொண்டான்.

ஆம்னியை ஷெட்டில் விட்டுவிட்டு, இரண்டு கட்டுகளை டிக்கியிலும் இரண்டைப் பின்சீட்டில் பாய் பக்கத்திலும் வைத்து, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். அடடா, அந்த வண்டி போன போக்கு! மிதித்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டுகிறது. திருப்பூர் ரோட்டில் எந்நேரமும் ஹாரனடித்து விரட்டுகிற பிரைவேட் பஸ்ஸையே சிவராஜ் ஓரங்கட்டி முந்தினான். அன்புசெல்வி கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "மெல்லப் போங்க, இன்னம் வாங்கலை" என்றாள். அவன் காதில் அது ஏறவில்லை. கேட் திறக்கிறது, வாட்ச்மேன் சலாம் வைக்கிறான், "வண்டி உங்களுதுங்களா?" என்று யாரோ கேட்கிறார்கள், "ஆமாங்க" என்று இவன் சொல்கிறான். ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பழகிய "ஆமாங்க" அது.

வீரபாண்டி தாண்டியதும் பின்னாலிருந்து பாய், "ஊருக்குள்ள வேண்டாமுங்க தம்பி. மங்கலம் சுத்திப் போயிருங்களேன்" என்றார்.

"அங்க பைப் போடத் தோண்டிப் போட்டிருக்காங்க பாய். வண்டி அடி வாங்கிரும்."

ஊர் நெருங்க நெருங்க பாய் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டில் சரிந்தார். டவுனுக்குள் நுழைந்தபோது கட்டுகளுக்குப் பின்னால் அவர் தலையே தெரியவில்லை. அன்புசெல்வி பதறித் திரும்பினாள்.

"என்னாச்சுங்க பாய்? மயக்கமா வருதுங்களா?"

"இல்லீங்க அம்மணி." பாய் கட்டுக்குப் பின்னாலிருந்தே சொன்னார். "அமெரிக்காக்காரன் ஆர்டர நிறுத்திட்டான். வரியக் காரணஞ் சொல்றான். இப்பக் கையில ஒரே ஒரு சின்ன ஆர்டர்தான். அதுக்கு நூல் வரணும். மில்லு ஏஜெண்ட் இளங்குமரன் கடனுக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். நான் வண்டிய விக்கறேன்னு அவர் காதுல உழுந்தா நூல் வராதுங்க. நூல் வரலைன்னா கம்பெனிக்குப் பூட்டுத்தான். எழுவது பேரு வேலை பாக்கறாங்க."

சிவராஜுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் பேங்க்காரன் ஆயிரம் பேப்பர் பார்க்கட்டும். நூல்காரனும் சாயப்பட்டறைக்காரனும் பார்ப்பது கம்பெனி வாசலில் நிற்கிற காரைத்தான். கார் நின்றால் ஆள் நிற்கிறான். கார் போனால், காலையில் போன செய்தி மத்தியானத்துக்குள் டீக்கடைக்கெல்லாம் போய்ச் சேரும். சாயங்காலத்துக்குள், ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்பார்கள். அதுவும் இந்த நீலத்தில் இந்த வண்டி ஊரிலேயே ஒன்றுதான்.

இதைக் கேட்டு அவன் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பாய் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டது. பாழாய்ப்போன புத்தி, முந்திரிக்கொட்டை மாதிரி அதுதான் முன்னால் வந்து நின்றது.

"ஏழரைன்னா முடிச்சுக்கலாங்க பாய்" என்றான்.

அன்புசெல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் ரோட்டைப் பார்த்தான். பின்னாலிருந்து, "சரிங்க தம்பி. ஏழரையே குடுங்க" என்று அடங்கிய குரல் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சிவராஜ் நினைத்தான். ஆனாலும் வாய் கசந்தது.

அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. இடது பக்கம் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து உரசினாற்போல நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். சிவராஜுக்கு ஆள் யாரென்று தெரிந்துபோனது. இளங்குமரன்! ஊரார் காரைப் பார்த்து ஆளை எடை போடுகிற அந்த மனுசன், தான் மட்டும் இன்றைக்கும் ஸ்கூட்டரில்தான் போவார். நேரடி ஆர்டர் கிடைத்தால் நூலுக்கு சிவராஜ் போய் நிற்க வேண்டியதும் இவர் வாசலில்தான். இந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று அவன் கனவு கண்டதும் இவர் முன்னால்தான்.

இளங்குமரன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். அன்புசெல்வி வேறு வழியில்லாமல் இறக்கினாள்.

"இது நம்ம முஸ்தபா பாய் வண்டியாச்சே. நீங்க ஆரு? வண்டி கை மாறிருச்சா?"

ஒரே ஒரு "ஆமாங்க" போதும். ஒரு மாதமாகச் சொல்லிப் பழகிய சொல். கேட்கிற ஆளும் அதே ஆள். சொன்னால் கார் இவனுடையது. இன்னும் ஒரு லட்சம் குறைத்துக் கேட்டாலும் பாய் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சிவராஜ் வாயைத் திறந்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. ஆறடி மனிதர் தன் வண்டியிலேயே, கட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

பையிங் ஆபீஸ் பின்கேட்டில் தான் நின்ற நிலை சிவராஜுக்கு நினைவு வந்தது.

"நான் டிரைவருங்க" என்றான். "பாய்க்கு வண்டி ஓட்டறனுங்க."

"டிரைவரா? பாயேதான ஓட்டுவார்?"

"இப்பத்தான் வெச்சுருக்காருங்க. வேலை நெறைய, அலைய முடியலைன்னு."

"பின்னால என்னது?" இளங்குமரன் ஜன்னலுக்குள் தலையை நீட்டப் பார்த்தார். அன்புசெல்வி சட்டென்று உடம்பைத் திருப்பி, கையைக் கட்டின்மேல் ஊன்றி மறித்துக்கொண்டாள். "தையலுக்குப் போற கட்டுங்க. சரியுதுன்னு புடிச்சுட்டு வாரேன். நான் இவரு ஊட்டுக்காரிங்க" என்றாள்.

இளங்குமரன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். சிக்னல் மாறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"காருல கட்டு ஏத்தற அளவுக்கு அவசரமா? டிரைவர் வேற. ஊரே படுத்துக் கெடக்குது, பாய்க்கு மட்டும் ஓட்டந்தான்!" என்று கடைசியில் சிரித்தார். "சாயங்காலமே நூல் லாரி வருதுன்னு பாய்கிட்டச் சொல்லு. நானும் கூட வாரேன்." கிளம்பப் போனவர், முன்கண்ணாடியைக் காட்டினார். "இது என்னப்பா இத்தன தூசி? சம்பளம் வாங்கறயல்ல? தொடைச்சு வெய்யி."

"சரிங்க" என்றான் சிவராஜ்.

பச்சை விழுந்தது. அனுப்பர்பாளையம் வரை சிவராஜுக்குக் காது மடல் எரிந்தது. பெற்ற தாய்கூடப் பேசாத தோரணையில் அந்த ஆள் பேசிவிட்டுப் போகிறான், இவன் சரிங்க என்கிறான். அழலாம் போலிருந்தது. கூடவே, கசந்த வாய் சரியாகிவிட்டதும் தெரிந்தது.

வேலம்பாளையத்தில் அவர்கள் சந்துமுனை வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு கரகரவென்று உரசி நின்றது. அன்புசெல்வியின் பரீட்சையில் வண்டி தோற்றுவிட்டது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. இறங்கி, கட்டுகளை இறக்கினாள். அப்புறம்தான் பாய் நிமிர்ந்து உட்கார முடிந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். கண் கலங்கியிருந்தது.

"வண்டி உங்களுதுதான் தம்பி. ஏழரைகூட வேண்டாம். உங்களுக்கு முடிஞ்சதக் குடுங்க."

"முடியாதுங்க பாய்."

"ஏனுங்க? உரசுதுன்னா?"

"இது என்ற ஊட்டு முன்னால நின்னா, நான் சொன்னது பொய்யின்னு ஆயிருமுங்க. அப்பறம் உங்க கம்பெனி என்னாகறது? எனக்கு வேண்டாமுங்க. ஆர்டர் போனப்பறம் கேரளாப் பக்கம் ஆராச்சும் எடுப்பாங்க. ஆரோக்கியராஜ்கிட்டச் சொல்லுங்க. ஒம்பதரைக்குக் கொறைக்காதீங்க." ஏழரை என்று கேட்ட வாயால் இதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. "நான் கேட்டது தப்புங்க பாய்."

முஸ்தபா பாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் இளங்குமரன் நல்லூருக்கு வருவார். டிரைவர் எங்கே என்று கேட்பார். அது மூவருக்கும் தெரிந்திருந்தது. கூட வரச் சொல்லிக் கேட்க பாய்க்கு வாய் வரவில்லை.

அன்புசெல்விதான் யூனிட்டுக்குள் போய் துடைக்க ஒரு கை பனியன் வேஸ்ட் துணி எடுத்து வந்தாள். அதைப் புருசன் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க. நூல் எறங்கற வரைக்கும் இருங்க. நம்ம வேனை நான் பஸ்ஸுல போயி எடுத்துட்டு வந்தர்றேன்" என்றாள். இந்த ஒரு மாதத்தில் அவள் அவனிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

சிவராஜ் முன்கண்ணாடியைத் துடைத்தான். ஓரம் விடாமல் துடைத்தான். அதற்குள் பாய் சுற்றி வந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து, அவனுக்குச் சமமாக முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

சிவராஜ் போய் அந்தக் கதவைப் பிடித்தான்.

"பின்னால உக்காருங்க பாய். முன்னால உக்காந்தா ஆரும் நம்ப மாட்டாங்க."

பாய் அவன் முகத்தைப் பார்த்தபடி இறங்கினார். சிவராஜ் பின்கதவைத் திறந்து, அவர் உட்காரும்வரை பிடித்துக்கொண்டு நின்று, மூடினான்.