வருஷக் கடைசியில் வந்த பணம்

காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. கிளினிக்குக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் காதம்மா. கொஞ்ச நாளில் அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால்கூட அவள் கணவர், "காதம்மாவுக்கு நான் சொல்றது மட்டும் விழாது" என்றுதான் ஆரம்பிப்பார்.

சத்தம் புகாத சின்ன அறை, அதில் ஒரு நாற்காலி, கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய மெஷின். உள்ளே ஹெட்போன் மாட்டி உட்காருகிற எல்லோரிடமும் ஒன்றையே சொல்வாள்: "சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அழுத்துங்க. கேட்காட்டி சும்மா இருங்க." அப்படியும் அவள் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதே அழுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். இப்போது கேட்கும், இதோ கேட்கும் என்று காத்திருந்தே கேட்டுவிடுகிறவர்கள் அவர்கள்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பும் கூப்பிட்டு அவள் மறுத்த இடம்தான். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

"நம்ம கிளினிக் டாக்டரை விட்டுட்டு எப்படிங்க போறது?" என்றாள் கணவரிடம். "கேட்காமலே வருஷக் கடைசியில போனஸை அக்கவுண்ட்ல போட்டுவிடற மனுஷர். அந்த மாதிரி எங்கே கிடைக்கும்?"

கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். "சரி, இப்படி வெச்சுக்கலாம். பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ். நீ மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போட்டுக்கிட்டு வர்ற பணம் நல்லா வளர்ந்திருந்தா நீ இங்கேயே இரு. வளரலைன்னா பெரிய ஆஸ்பத்திரி. சரிதானே?"

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை தானாக ஃபண்டுக்குப் போய்விடும். மார்க்கெட் விழுந்தபோதும் நிறுத்தியதில்லை. மகள் தவழ்ந்த காலத்தில் ஆரம்பித்தது, இப்போது அவள் தோளுக்கு மேல் நிற்கிறாள். பணமும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

ஞாயிறு காலை நாத்தனார் வந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள், அதனால் குடும்பத்தில் யார் பணத்தைப் பற்றிப் பேசினாலும் அவளைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பார்கள். போனில் ஃபண்டுக் கணக்கைத் திறந்தவள், புருவத்தைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணி, இவ்வளவுதானா இருக்கு? இத்தனை வருஷத்துக்கு இது ரொம்பக் கம்மியாச்சே."

"எடுக்கவே இல்லையே. ஒரு தடவைகூட எடுத்ததில்ல."

"இருங்க." நாத்தனார் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடு நிமிர்ந்தாள். "அண்ணி, ஆரம்பிக்கும்போது குரோத்தா, டிவிடெண்டான்னு கேட்டிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஏஜெண்ட் கிளினிக்குக்கே வந்திருந்தார். உள்ளே ஒரு பாட்டி ஹெட்போனோடு காத்திருந்தார். 'குரோத்தா, டிவிடெண்டா மேடம்?' என்று ஏஜெண்ட் கேட்க, 'ரெண்டாவதே போடுங்க' என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள். எங்கேயும் அவள் இரண்டாவதைத்தான் எடுப்பாள். முதலாவது யாரோ பெரியவர்களுக்கானது என்று ஒரு எண்ணம்.

"குரோத்துன்னா லாபம் உள்ளேயே தங்கி, அதுவும் சேர்ந்து வளரும். டிவிடெண்டுன்னா அப்பப்போ பிச்சு உங்க கையில கொடுத்துடுவாங்க. உங்களுக்கு வருஷா வருஷம் கொடுத்திருக்காங்க."

"எனக்கா? எங்கே?"

"உங்க அக்கவுண்ட்டுலதான். இதோ, வருஷக் கடைசியில."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஒரு வரி இருந்தது.

முதல் வருஷம் டாக்டர், "உங்களுக்கு ஏதாவது செய்யணும்மா" என்று சொன்ன வாரத்தில்தான் அந்தப் பணம் வந்தது. வங்கியின் குறுஞ்செய்தியில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ இருந்தது, அதை யார் படித்தார்கள்? மறுநாள் காலை டாக்டரின் அறைக்கதவைத் தட்டி, "ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள். அவர் தலையை ஆட்டிக் கூச்சத்தோடு சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அதே கதவு, அதே நன்றி, அதே சிரிப்பு.

கணவர் மெல்லத் தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "அப்போ டாக்டர் புண்ணியத்துல வாங்கினேன்னு நீ கொடுத்த இந்த வாட்ச்?"

"என் பணம்" என்றாள். சொல்லும்போதே அது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"பணம் குட்டி போடுதுன்னு சொல்லுவாங்க. நீ வருஷா வருஷம் குட்டியைப் பிடிச்சு வித்துட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கும்பிடு போட்டிருக்கே!" அவர் சிரித்தார். நாத்தனாரும் அடக்க முடியாமல் சிரித்தாள். காதம்மாவும் சிரித்தாள். எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

"குரோத்துக்கு மாத்திடவா அண்ணி?"

"மாத்திடு. முதலாவதையே போடு."

பணம் குறைந்ததில் வருத்தம் இருந்தது, ஆனால் அதன் அளவு தெரிந்திருந்தது. மகளின் சைக்கிள், ஜன்னலோர நாற்காலி, ஒரு கோடையில் கடல் பார்க்கப் போனது என்று அது எங்கே போயிற்று என்பதும் தெரிந்தது. தெரியாதது டாக்டர்தான். தான் போடாத பணத்துக்கு நன்றி என்று தெரிந்தேதான் தலையாட்டினாரா? மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் லீவு கொடுத்தாரே, அது அவர் குணமா, இல்லை இவள் நன்றி சொல்லிச் சொல்லி அவரை நல்லவராக்கி வைத்திருந்ததா? அவரை நல்லவர் என்று நம்பித்தானே இவளும் ஓடி ஓடி உழைத்தாள். அடியில் இருந்தது தன் பணம்தான் என்று ஆனபின், மேலே கட்டியதில் எது நிஜம்? யோசிக்க யோசிக்க நூல்கண்டு இன்னும் சிக்கியது.

திங்கட்கிழமை காலை அவர் அறைக்கதவைத் தட்டினாள்.

"டாக்டர், வருஷக் கடைசியில வந்து நன்றி சொல்வேனே. எதுக்குன்னு நினைச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குன்னா? வருஷம் முழுக்க சம்பளம் கொடுத்ததுக்குத்தானே? சம்பளத்துக்கு நன்றி சொல்ற ஒரே ஆள் நீங்கதான்மா. வீட்ல சொல்லிப் பெருமைப்படுவேன்."

"போனஸ் எதுவும் நீங்க போடலையா?"

"போனஸா?" நிஜமாகவே குழம்பிவிட்டார். "அதெல்லாம் யாருக்கும் இல்லையேம்மா. உங்க சம்பளத்தைக்கூட ஏத்தணும்னு கணக்குப் பார்க்கிறவர் சொல்லிக்கிட்டே இருப்பார். நான்தான், அவங்க ரொம்பத் திருப்தியா இருக்காங்க, வருஷா வருஷம் வந்து சொல்றாங்களே, அப்புறம் பார்க்கலாம்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது போலிருந்தது.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எதிரில் இருந்தவர் திருடரும் இல்லை, வள்ளலும் இல்லை. நரைத்த மீசையோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த, தர்மசங்கடப்பட்ட ஒரு மனிதர். அவ்வளவுதான்.

"உங்களுக்கு ஏதாவது செய்யணும்மா" என்றார் கடைசியில்.

முதல் வருஷம் சொன்ன அதே சொற்கள். இவள் காதில் அது இன்னும் இனிமையாகவே விழுந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெளியே வந்தாள். நோயாளி யாரும் இல்லை. சோதனை அறைக்குள் போய் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து தன் இடத்தைப் பார்ப்பது விநோதமாக இருந்தது. ஆளில்லாத மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மடியில் போன் அதிர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரி.

"முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?" இளம் பெண்ணின் குரல். சம்பளத்தைச் சொன்னாள். இப்போது வாங்குவதைப்போல் ஒன்றரை மடங்கு.

நன்றி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இத்தனை வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. எதற்கு நன்றி? இன்னும் எதுவும் கைக்கு வரவில்லையே. அந்த ஆஸ்பத்திரியில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், அங்கே யாரை நல்லவர் என்று நம்பிக்கொண்டு வேலை செய்வது, எதுவும் தெளிவாக இல்லை.

"வர்றேன்" என்றாள். "ஆனா அந்தச் சம்பளம் போதாது."

சொன்னது தான்தானா என்று சந்தேகமாக இருந்தது. மறுமுனையில் பேச்சே இல்லை. வழக்கமான காதம்மாவாக இருந்தால் இதற்குள், பரவாயில்லைங்க, நீங்க சொன்னதே சரி என்று சொல்லியிருப்பாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் மட்டும்தான் அழுத்த வேண்டும். நோயாளிகள் அழுத்தும் அந்தப் பட்டன் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.