நான்கு மேடுகளின் சராசரி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் அக்காள் கணவர் லாரிகளுக்குப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் சந்தைக் கணிப்பு அதிகாரி. வீட்டில் அவரை மேதை என்பார்கள். நான் எழுதுகிறவன். என்னை யாரும் எதுவும் சொன்னதில்லை.

'சந்தை ஒரு கடல், அதன் அலைகளை' (தூ. இப்படியா தொடங்குவது?)

2

நடந்தது இதுதான். அத்தான் முப்பது வருட ஆர்டர்களை வரைபடமாக்கினார். நான்கு மேடுகள். பள்ளத்திலிருந்து உச்சிக்கு இருபத்தெட்டு, முப்பத்தைந்து, பத்தொன்பது, முப்பத்தெட்டு மாதங்கள். கூட்டி நான்கால் வகுத்தார்: முப்பது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஐந்தாவது ஏற்றத்துக்கு அது பதினாறாவது மாதம். ஆகவே ஏற்றம் இன்னும் பதினான்கு மாதம் நீடிக்கும். மேதைமை முடிந்தது.

ஆர்டர் பிரிவில் ஃபோன் எடுக்கும் பெண் மட்டும் வாய் திறந்தார்.

"சார், ஒரே ஆளு மூணு கம்பெனில ஆர்டர் போட்டு வைக்கிறாங்க. யாரு முதல்ல குடுக்கிறாங்களோ அங்க எடுத்துக்கிட்டு, மத்ததை ரத்து பண்ணிடுவாங்க."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அவங்களேதான் சார், ஃபோன்ல."

"ஃபோன்ல பேசறதெல்லாம் வரைபடத்துல வராதும்மா."

3

(இங்கே அத்தானைக் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். கவலையில் அவர் தூக்கமின்றி... இல்லை, நன்றாகவே தூங்கினார்.)

முதலாளி இரண்டாவது கொட்டகை எழுப்பினார். புதிதாக அறுபது வெல்டர்கள். அதில் ஒருவர் என் பெரியப்பா மகன். பன்னிரண்டு வருட வேலையை விடத் தயங்கியவரிடம், "அத்தான் சொன்னா சரியா இருக்கும், போங்கண்ணே" என்றது யார்? நான்தான். இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

நான்கே மாதம். ஒரே வாரத்தில் நூற்றுப்பத்து ஆர்டர்கள் ரத்து. கொட்டகைக்குக் கூரை போடுமுன்பே அறுபது பேரும் வெளியே.

அத்தான் என்ன செய்தார்? புதிய மேட்டின் இருபது மாதத்தையும் சேர்த்து ஐந்தால் வகுத்தார். "இப்ப இருபத்தெட்டு. முன்னைவிடத் துல்லியம்" என்றார்.

4

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

முதலாளி அத்தானை விரட்டுகிறார். (நடக்கவில்லை. அவருக்குப் பெரிய அறை கிடைத்தது.)

ஃபோன் எடுத்த பெண்ணுக்குப் பதவி உயர்வு. (வெளியே போனவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.)

நடந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை, வேலை போன அந்தப் பெரியப்பா மகன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரக்கூட இல்லை.

"பழைய இடத்துல திரும்ப எடுத்துக்க மாட்டேங்கிறாங்க. அடுத்த ஏத்தம் எப்பன்னு அத்தான்கிட்ட கேட்டுச் சொல்றியா? அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சிக்கிறேன்."

'இருபத்தெட்டு மாசம்' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. (அது ஏற்றம் நீடிக்கும் கணக்கு, தொடங்கும் கணக்கு அல்ல.)

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.