ஆளுக்கொரு இடம்

சில்வான் நேரே மூலைக்குத்தான் வந்தான். அதுதான் சிவநேசத்தை உறுத்தியது.

பனிப்புகார் ஆற்றிலிருந்து ஏறி யார்டை மூடியிருந்தது. எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாத காலை. மொன்றியல் துறைமுகத்துக்குப் பின்னால், வெறும் கொள்கலன்களை மாடிவீடுபோல அடுக்கி வைக்கும் இடம் அது. மனேஜர் சில்வான் வந்தால் வாசல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாகக் குறை பிடித்துக்கொண்டுதான் வருவான். அன்று நூல் பிடித்தமாதிரி நடந்துவந்து, ஆற்றோரத்துக் கடைசி அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே சிவநேசமும் றெக்ஸும் பிளாஸ்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூலை என்பது அவர்கள் வைத்த பெயர். ஓய்வறை வாசலடியில் இருக்கிறது. நடந்து போய்த் திரும்பினால் தேத்தண்ணிக்குக் கிடைத்த நேரம் காலிலேயே போய்விடும். அதனால் இரண்டு வெறும் கொள்கலன் பெட்டிகளை நிலத்தில் வைத்து, ஒன்றின் நுனியில் மற்றதைக் குறுக்கே முட்டவைத்தால் காற்று அடங்கும். அதற்குள் நின்று சுடச்சுட ஒரு பிளேன்டீ, ஆளுக்கொரு றோல்ஸ். வருடக்கணக்காக நடக்கிற வேலை. ஒருவனும் கேட்டதில்லை. இந்த மாரிக் குளிருக்குள்தான் இரண்டாவது தரம் அகப்படுகிறார்கள்.

“இன்னொருக்கா இப்படிப் பெட்டி கிடந்தால், வைத்தவன் வீட்டுக்குப் போகலாம்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு சில்வான் திரும்பினான்.

“ஆரோ சொல்லிக் குடுக்கிறான்” என்றார் சிவநேசம்.

“ஆர் அண்ணை சொல்லுறது? இந்தப் புகாருக்குள்ள எனக்கே என்ரை காலைத் தெரியேல்லை” என்று றெக்ஸ் சிரித்தான்.

“அதுதானே நானும் கேக்கிறன். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஒருத்தன் நேரை வாறானெண்டால், ஆரோ விரல் நீட்டினதுதானே?”

றெக்ஸ் பெட்டி தூக்கும் ஸ்டாக்கரை ஓட்டுகிறவன். அவனுக்கு மேற்பார்வையாளரான சிவநேசத்தைவிட இளையவன். செயின்ட்-மிஷேலில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். காலையில் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, சிவநேசத்தை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருவான். இருவரும் வன்னியில், யுத்தத்தின்போது ஒரே பங்கருக்குள் பதுங்கிக் கிடந்தவர்கள். றெக்ஸின் தமையனை, ஆமிக்குத் தகவல் கொடுக்கிறான் என்று சந்தேகப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அதைப் பற்றி றெக்ஸ் கதைப்பதில்லை. சிவநேசம் கேட்பதுமில்லை.

சந்தேகம் முதலில் போனது மகிழனிடம். திருப்பூர்ப் பெடியன். இங்கே யூனிவர்சிட்டி முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை வரும்வரைக்கும் என்று கேற் ஒபிஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். வந்ததிலிருந்துதான் இந்தப் பிரச்சினை.

“தம்பி, உண்மையைச் சொல்லும். நீர்தானே சில்வானுக்குச் சொன்னனீர்?” என்று ஒபிஸுக்கே போய்க் கேட்டார் சிவநேசம்.

“அய்யோ, யாருமே சொல்லலண்ணே. மேலேர்ந்து பாக்குறாங்க. இங்க வாங்க.”

திரையில் ஒரு படத்தைத் திறந்தான். சாம்பல் நிறத்தில் உமியைக் கொட்டிப் பரப்பியதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால் வரிசைகள் தெரிந்தன. ஆற்றோரமாக ஒரே ஒரு புள்ளி மட்டும் வெல்டிங் பொறிபோல வெள்ளையாக எரிந்தது.

“பெட்டிங்களோட ஓனர் கம்பெனி சாட்டிலைட்டுலேர்ந்து எடுக்குற இந்த ரேடார் படத்த வாங்குறாங்க. இது வெளிச்சத்த வச்சுப் பாக்காதுண்ணே. தானே அலைய அனுப்பி, திரும்பி வர்றத வச்சுப் படம் போடும். மேகம், இருட்டு, மூடுபனி எதுவும் தடையில்ல. முன்னெல்லாம் அரசாங்கங்கதான் இந்த மாதிரி சாட்டிலைட்ட விடும், பஸ் சைசுல. இப்ப பிரிட்ஜ் சைசுல தனியார் கம்பெனிங்க வரிசையா விட்டுட்டு இருக்கு. காசு குடுத்தா எந்தக் கம்பெனியும் படம் வாங்கிக்கலாம்.”

“அப்ப இந்த வெள்ளை?”

“அதான் உங்க மூலை. ரெண்டு சுவரும் தரையும் சேர்ற இடத்துல அலை முட்டி முட்டி வந்த வழியே திரும்பிடும். அதான் இப்படிப் பளிச்சுனு தெரியுது. அடுக்குல இருக்கவேண்டிய பெட்டி ஏன் அங்க கிடக்குதுன்னு அவங்க கேக்குறாங்க. சில்வான் ஓடி வர்றாரு.”

“அதுக்குள்ள நிண்டு தேத்தண்ணி குடிக்கிறது சிவநேசம் எண்டும் தெரியுமோ?”

மகிழன் சிரித்துவிட்டான். “ஆளெல்லாம் தெரியாதுண்ணே. உங்கள யாரு பாக்கப் போறா? பெட்டியத்தான் எண்ணுறாங்க.”

சினிமாவில் கதைக்கிறமாதிரி வடிவாகத்தான் கதைத்தான். சிவநேசம் நம்பவில்லை. வானத்திலிருந்து பார்ப்பதை அவர் படத்தில் பார்த்துப் படித்தவரல்ல. வன்னியில் ஆமியின் ஆளில்லாத விமானம் ஒன்று தலைக்கு மேலே ரீங்காரமிட்டபடி சுற்றும். சனம் அதை வண்டு என்றுதான் சொல்லும். வண்டு சுற்றிப்போனால் பின்னால் ஷெல் வரும். ஷெல் விழுந்த இடத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பும் சனம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆர் சொன்னது? வண்டுக்கு இந்த வீட்டை ஆர் காட்டியது? மேலே கண் இருந்தால் கீழே ஒரு விரல் இருக்கும். சிவநேசத்துக்கு அது பாடமில்லை, உடம்பில் ஊறியது.

பெடியனில்லை என்றால் வேறு ஆர்? மூலைக்குள் நிற்கிறவர்கள் இரண்டே பேர்.

அந்த நினைப்பு வந்ததும் தன்னையே ஏசினார். ஆனால் வந்த நினைப்பு போகவில்லை, உள்ளே நின்று வேலை செய்தது. போன கிழமை சில்வான் றெக்ஸின் தோளில் தட்டியது ஏன்? நத்தார்ப் பண்டிகைக்கு றெக்ஸ் கேட்ட லீவு மட்டும் கேட்டவுடன் கிடைத்தது எப்படி? ஆரோ சொல்லிக் குடுக்கிறான் என்றபோது அவன் ஏன் சிரித்தான்?

ஆளைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வன்னியில் கண்டது. ஆளுக்கொரு இடம் சொல்வது. எந்த இடத்துக்கு அடி விழுகிறதோ, அந்த இடத்தைக் கேட்டவன்தான் ஆள்.

மகிழனிடம் போய், “தம்பி, மூலையை றெயில் பாதைப் பக்கம் மாத்தப்போறம். ஒருத்தருக்கும் சொல்லாதேயும்” என்றார்.

காரில் வரும்போது றெக்ஸிடம் சொன்னார்: “ஞாயிறு நானே பெட்டி கழுவுற கொட்டிலடியிலை வைக்கிறன். திங்கள் அங்கை வா.”

“விடுங்கோவன் அண்ணை, வேலை போகப்போகுது.”

“போனால் என்ரை வேலைதானே. நீ வா.”

“உங்களுக்கு விசர்” என்றான் றெக்ஸ். பிறகு, “மனிசியை றோல்ஸுக்குக் கொஞ்சம் மிளகு கூடப் போடச் சொல்லுங்கோ” என்றான்.

ஞாயிறு ஓவர்டைம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. யார்டுக்குள் வேறு ஒருவருமில்லை. சிவநேசம் தானே ஸ்டாக்கரில் ஏறி, றெயில் பக்கமும் போகாமல், கொட்டில் பக்கமும் போகாமல், ஒருவருக்கும் சொல்லாத மூன்றாவது இடத்தில், பழுதான குளிர்ப்பெட்டிகளுக்குப் பின்னால் மூலையை வைத்தார். சக்கரத்தின் தடத்தைப் பனி மூடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

திங்கள் காலை தேத்தண்ணி நேரத்துக்கு முன்னமே வந்து குளிர்ப்பெட்டிகளின் மறைவில் நின்றார். அங்கிருந்தால் கொட்டிலும் தெரியும், றெயில் பாதையும் தெரியும். சில்வான் ஒபிஸிலிருந்து இறங்கினான். றெயில் பக்கம் திரும்பவில்லை. இனி மிச்சம் கொட்டில்தான். கொட்டிலைத் தாண்டினான். அதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நூல் பிடித்தமாதிரி குளிர்ப்பெட்டிகளுக்கே வந்து, மூலைக்கு முன்னால் நின்றான். பின்னால் மகிழன் கையில் டேப்லட்டுடன் ஓடிவந்தான். அதில் சாம்பல் உமி, அதற்கு நடுவே வெள்ளைப் பொறி.

“என்னண்ணே, ரயில் பக்கம்னுதானே என்கிட்ட சொன்னீங்க?” பெடியன் கள்ளமில்லாமல்தான் கேட்டான்.

கொட்டிலடியிலிருந்து றெக்ஸ் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவ்வளவு நேரமும் அங்கே மூலையைத் தேடியிருக்கிறான். தொப்பியில் பனி கட்டியிருந்தது. பெடியன் கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. மகிழனைப் பார்த்தான். கொட்டிலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிவநேசத்தைப் பார்த்தான்.

“எனக்குக் கொட்டிலடி” என்றான் மெதுவாக.



சில்வான் றெக்ஸிடம்தான் கேட்டான். ஸ்டாக்கர் அவன் பொறுப்பு. “இதை யார் வைத்தது?”

றெக்ஸ் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தான்” என்றார் சிவநேசம். “நான் தனியத்தான் வைத்தனான்.”

அந்தக் கிழமை முடியும்வரை வரவேண்டாம் என்று சில்வான் சொன்னான். வந்தாலும் இனி மேற்பார்வை இல்லை, சாதாரண ஆளாகத்தான். சிவநேசத்துக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை. றெக்ஸ் ஸ்டாக்கரில் ஏறிக்கொண்டிருந்தான்.

“டேய் றெக்ஸ், நான் உன்னை நினைக்கேல்லையடா. பெடியனைப் பிடிக்கத்தான்…”

“பெடியனைப் பிடிக்கிறதுக்கு எனக்கேன் பொய் சொன்னனீங்கள்?” றெக்ஸ் சாவியில் வைத்த கையை எடுத்தான். “என்ரை அண்ணையிட்டையும் இப்பிடித்தான். ஆளுக்கொரு இடம் சொல்லித்தான் பாத்தவங்கள். அண்டைக்கு அவருக்குச் சொன்ன இடத்திலை ஷெல் விழுந்திட்டுது. அவ்வளவுதான்.”

பெட்டியைத் தூக்கினான். “தள்ளி நில்லுங்கோ.”

கிழமை முடிந்து மறுதிங்கள், சிவநேசம் விடிய எழும்பி வாசலில் நின்றார். வரமாட்டான் என்றுதான் நினைத்தார். பஸ் அட்டையும் எடுத்து வைத்திருந்தார். கார் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. கதவைத் திறந்தார்.

முன்சீட்டில் றெக்ஸின் பையும், ஹெல்மெட்டும், புதிதாக வாங்கிய ஒரு சின்னப் பிளாஸ்கும் இருந்தன.

“பின்னுக்கு ஏறுங்கோ” என்றான் றெக்ஸ்.

சிவநேசம் பின்னால் ஏறினார். மனைவி மிளகு கூடப் போட்டுச் சுற்றித் தந்த றோல்ஸ் மடியில் சூடாக இருந்தது. யார்ட் வரும்வரை அதை அவர் பிரிக்கவில்லை.